வரலாற்றுப் பாட மதிப்பெண்ணும் பல்கலைக் கழக வாயிலும்

வெளி மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மே, ஜூன், ஜூலை ஆகிய மூன்று மாதங்களும் கவலை மிகுந்தவை. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை எந்தக் கல்லூரியில் சேரும் என்பதே இல்லந்தோறும் பேச்சு. பொறியியல், மருத்துவம் நாடுவோருக்கு வழி சொல்ல அண்டை அயலில் பத்துப் பேர் இருப்பர். வரலாறு பயில விரும்பும் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வழி சொல்வார் அரியர். அப்பிள்ளைகளையும் பெற்றோரையும் எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முன்னாளில் கணக்கு எளிதாக இருந்தது. தில்லிப் பல்கலைக் கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பின் மதிப்பெண்ணே வாயிலைத் திறக்கும் சாவி. மொழி ஒன்றும் வேறு பாடங்கள் மூன்றுமாக நான்கு பாடங்களின் சராசரியை எடுத்து, கல்லூரிகள் ‘கட்-ஆஃப்’ பட்டியல் வெளியிடும். எளிதாக இருந்ததேயன்றி நேர்மையாக இருந்ததா என்பது வேறு வினா. ஒரு வாரியம் தாராளமாக மதிப்பெண் வழங்கும். மற்றொன்று கையை இறுக்கும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினர். 2021-ஆம் ஆண்டின் முதற் பட்டியலில் சில கல்லூரிகள் பொருளியல், அரசியல் அறிவியல் முதலிய படிப்புகளுக்கு 100 விழுக்காடே கேட்டன. நூற்றுக்கு நூறு பெற்றவனுக்குத்தான் இடம் என்றால், தொண்ணூற்றொன்பது பெற்றவன் என்ன குற்றம் செய்தான்?

வாரியங்களும் தம்முள்ளே மதிப்பெண்ணைத் திருத்தி வழங்கி வந்தன. வினாத்தாள் கடினமாயிருந்தால் கூட்டிக் கொடுக்கும் இவ்வழக்கத்திற்கு ‘மாடரேஷன்’ என்று பெயர். 2017-இல் மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ. இதனைக் கைவிட முடிவு செய்தது. தேர்வு முடிந்தபின் விதியை மாற்றுவது முறையன்று என்று வழக்குத் தொடுக்கப்பட, அவ்வாண்டிற்குப் பழைய வழக்கமே தொடரவேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2021-இல் கொள்ளை நோயால் தேர்வே நடைபெறாமற் போக, பத்தாம் வகுப்புக்கு 30, பதினோராம் வகுப்புக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளுக்கு 40 எனப் பங்கிட்டு மதிப்பெண் வழங்கினர்.

நிற்க. 2022 முதல் நிலைமை மாறிவிட்டது. மத்தியப் பல்கலைக் கழகங்களின் இளங்கலைப் படிப்புகளுக்குக் ‘கியூட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்தத் தொடங்கியது. பள்ளியில் படிக்கும் படிப்பின் மதிப்பே குன்றிவிடும் என்று கூறி, அவ்வாண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இத்தேர்வுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானத்தில் நியாயம் உண்டு என்பதே நம் கருத்து. ஆயினும் தேர்வு நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் பிள்ளைகளும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2025-ஆம் ஆண்டு நடந்த முறைப்படி, ஒவ்வொரு பாடத்திற்கும் 50 வினாக்கள். அனைத்திற்கும் விடையளிக்க வேண்டும். காலம் 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். ஆகவே ஒரு பாடத்திற்கு உச்சம் 250. பள்ளித் தேர்விலோ சி.பி.எஸ்.இ. வரலாற்றுத் தாளுக்கு எழுத்துத் தேர்வில் 80, செயல்திட்டத்திற்கு 20. அங்கே பக்கம் பக்கமாகக் காரண காரியம் விளக்கி எழுதியவர், இங்கே நான்கு விடைகளுள் ஒன்றைக் கணினித் திரையில் தொட்டுக் காட்டவேண்டும். ஓர் இயக்கம் ஏன் எழுந்தது என்று சிந்தித்தவரினும் அது எந்த ஆண்டில் எழுந்தது என்று நினைவில் வைத்தவர் முந்துவது இதனாலேதான். வரலாறு என்னும் கலைக்கு இது நீதியன்று.

இனி, பெற்றோரைப் பெரிதும் குழப்பும் செய்திக்கு வருவோம். தேர்வெழுதுவோர் பல இலட்சம் பேராகையால், கணினிவழித் தேர்வைப் பல நாட்களில், பல ‘ஷிப்டு’களில் நடத்துகின்றனர். காலையில் எழுதியவருக்கு ஒரு வினாத்தாள். மறுநாள் மாலையில் எழுதியவருக்கு வேறொன்று. இரண்டும் ஒரே கடினமுடையன அல்ல. இவ்வேறுபாட்டைச் சமன்செய்யவே ‘நார்மலைசேஷன்’ என்னும் கணக்கு.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். எண்கள் நாம் கற்பித்தவை. வரலாற்றுத் தேர்வு இரண்டே ஷிப்டுகளில் நடந்தது என்று கொள்வோம். முதல் ஷிப்டில் 1000 பேர் எழுதினர். ஒரு பெண் 200 மதிப்பெண் பெற்றாள். 200-ம் அதற்குக் குறைவும் பெற்றவர் அவளையும் சேர்த்து 900 பேர். ஆகவே அவளது ‘பர்சென்டைல்’ 90. இது விழுக்காடு அன்று. நூறு பேரை நிறுத்தினால் தொண்ணூறு பேர் அவளுக்குச் சமமாகவோ பின்னாகவோ நிற்பர் என்பதே இதன் பொருள். இரண்டாம் ஷிப்டின் தாள் கடினமானது; அங்கே அதே 90 பர்சென்டைல் நிலையில் நின்ற பிள்ளை பெற்றது 180-தான். இப்போது 200-ஐயும் 180-ஐயும் கூட்டிச் சராசரி காண்கின்றனர்; 190 வருகிறது. இருவருக்கும் 190 என்றே முடிவில் எழுதப்படும். அப்பெண் பத்து இழந்தாள். அப்பிள்ளை பத்துப் பெற்றான். ஷிப்டுகள் பலவானால், அப்பர்சென்டைலுக்கு உரிய மதிப்பெண்ணை ஒவ்வொரு ஷிப்டிலும் கண்டு, எல்லாவற்றிற்கும் சேர்த்துச் சராசரி எடுப்பர்.

“விடைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தோம், இருநூறு வரவேண்டும், பத்து மதிப்பெண்ணை எவரோ விழுங்கிவிட்டனர்” என்று மனம் வெதும்பும் தந்தையர்க்கு விடை இதுவே. எவரும் விழுங்கவில்லை, எளிய தாள் கிடைத்ததற்கு ஈடாகக் கழிந்தது. ஆனால் இக்கணக்கின் அடியில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. எல்லா ஷிப்டுகளிலும் அமர்ந்த மாணாக்கர் கூட்டங்கள் திறமையில் ஏறத்தாழ ஒத்தவை என்பதே அது. கூட்டம் பெரிதாயின் இவ்வூகம் பொருந்தும். சிறிதாயின் அவ்வளவு உறுதி சொல்ல இயலாது. வல்லவர் மிகுந்த ஷிப்டில் அகப்பட்ட பிள்ளை, தன் குற்றம் ஏதுமின்றியே சிறிது பின்தள்ளப்படக்கூடும். கணக்கு கணக்காகவே நேர்மையானது. அதனுள் இடும் பொருள் எத்தகையது என்பதையும் பார்க்கவேண்டுமல்லவா?

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக மாறி வந்தோர் இதனை அங்குள்ள பழைய முறையோடு குழப்பிக்கொள்கின்றனர். 2007 முதல் தமிழகத்தில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. வெவ்வேறு வாரியங்களின் மாணாக்கரை ஒப்பிட, ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தின் முதல் மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக்கி, ஏனையவற்றை அதே விகிதத்தில் உயர்த்துவர். அஃது உச்சியைப் பார்க்கும் கணக்கு. கியூட்டில் நடப்பது வரிசையைப் பார்க்கும் கணக்கு.

மற்றொன்றும் சொல்லவேண்டும். கியூட் தேர்வு ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் இடையேதான் சமன்செய்கிறது. பாடத்திற்கும் பாடத்திற்கும் இடையே அன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில், ஒரு பாடத்தைப் பயின்றோர் தம் பிற பாடங்களில் எத்துணைத் திறம் காட்டினர் என்பதைக் கொண்டு அப்பாடத்தின் மதிப்பெண்ணையே ஏற்றியோ இறக்கியோ கணக்கிடுகின்றனர். பண்டை வரலாறும் நவீன வரலாறும் அங்கே தனித்தனிப் பாடங்கள். இரண்டும் தனித்தனியே அளக்கப்படும். தில்லிப் பல்கலைக் கழகத்திலோ வரலாற்றில் பெற்ற 190-ம் வேறொரு பாடத்தில் பெற்ற 190-ம் ஒரே எடையுடன் கூட்டப்படுகின்றன. ஆகையால் வரலாறு பயில விரும்பும் பிள்ளைக்கு வரலாற்றுத் தாள் மட்டும் கைகொடுக்காது. மொழித் தாளும் உடன் எழுதும் பிற பாடங்களும் அதே அளவு பேசும். ‘வரலாற்றில் முதல்வன், ஆங்கிலத்தில் நடுத்தரம்’ என்று இருக்கும் நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுவது இவ்விடத்தில்தான்.

மொழியென்றால் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமல்ல. தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகள் கியூட் தேர்வில் இடம்பெற்றுள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளிலும் பிறவிடங்களிலும் தமிழை முறையாகப் பயின்ற பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்ளலாம். விண்ணப்பிக்குமுன், சேர விரும்பும் பல்கலைக் கழகம் எந்த மொழியை, எந்தப் பாடச் சேர்க்கையை ஏற்கிறது என்பதைப் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. தில்லிப் பல்கலைக் கழகம் பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற பாடங்களிலேயே கியூட் எழுதவேண்டும் என்று விதித்துள்ளது.

தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்று வருவோர்க்குத் தனி இடர் ஒன்று உண்டு. கியூட் வரலாறு என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நூல்களை ஒட்டியது. அவை அரப்பாவில் தொடங்குகின்றன. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு நூலோ இந்தியத் தேசிய இயக்கத்தின் எழுச்சியில் தொடங்கி, நவீன உலக வரலாற்றையும் கூறுகிறது. பண்டைக் காலம் பதினோராம் வகுப்பிலேயே முடிந்துவிடும். எனவே அப்பிள்ளைகள் தம் பதினோராம் வகுப்பு நூலைப் பழைய புத்தகக் கடைக்கு அனுப்பாதிருப்பது நலம். மேலும் 2023-இல் முகலாயர் அவை பற்றிய இயல் உட்படச் சில பகுதிகள் என்.சி.இ.ஆர்.டி. நூலிலிருந்து நீக்கப்பட்டன. அந்நீக்கம் தக்கதா என்பது பெரிய வாதம். அண்ணன் அக்காளின் பழைய நூலை வைத்துப் படிக்கும் பிள்ளை அவ்வாண்டின் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு வேண்டுவது.

தேர்வு முடிந்தபின் முகமை தற்காலிக விடைக் குறிப்பை வெளியிடும். அதில் தவறு கண்டால், வினாவுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தி மறுப்புத் தெரிவிக்கலாம். வாய்ப்பு சில நாட்களுக்கே. வரலாற்றுத் தாளில் ஆண்டு, பெயர், வரிசைமுறை ஆகியவற்றில் ஐயம் எழுந்தால் பாடநூலின் பக்கத்தையே சான்றாகக் காட்டலாம்.

பள்ளி மதிப்பெண் இனி வீண் என்றும் சிலர் பேசுகின்றனர். அப்படியன்று. பன்னிரண்டில் தேறியே தீரவேண்டும். தில்லிப் பல்கலைக் கழகத்தில் இருவர் சமமாக நின்றால், பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்களின் விழுக்காட்டைத்தான் முதலில் பார்க்கின்றனர். செயல்திட்டத்தின் 20 மதிப்பெண் அங்கே கணக்கில் வந்து நிற்கும்.