ஹஜ், உம்ராவுக்கு எந்தச் செருப்பை எடுத்துச் செல்வது?



உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடி, பெரியகுளம், தேனி என நம் பகுதியில் எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் சிலர் ஹஜ்ஜுக்கும் பலர் உம்ராவுக்கும் புறப்படுகிறார்கள். புறப்படும் வீட்டில் ஒரு மாதத்துக்கு முன்பே பரபரப்பு தொடங்கிவிடும். இஹ்ராம் துணி, பெல்ட், துஆ கிதாபு, மாத்திரை டப்பா, இடிச்ச மிளகாய்த்தூள், ஊறுகாய் வரை எல்லாம் பட்டியல் போட்டு வாங்கப்படும். செருப்பு மட்டும் கடைசி நாள் நினைவுக்கு வரும். கடைக்கு ஓடி ஒரு புது ஜோடி வாங்கிப் பெட்டியில் திணித்துவிடுவார்கள்.

எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான் நடந்தது. எங்கள் பெரியத்தா உம்ராவுக்குப் போனபோது புதுச் செருப்பை ஹரமின் வாசல் அருகே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். ஸயீ முடித்து வேறொரு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார். செருப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. லுஹர் நேரத்து வெயிலில் பஸ் நிற்கும் இடம் வரை தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்தார். இருபது வருடச் சர்க்கரை நோயாளி. கால் சுட்டது அவருக்குப் பெரிதாகத் தெரியவே இல்லை. இரவு அறையில் கால் கழுவும்போதுதான் இரண்டு பாதங்களிலும் கொப்புளங்கள் இருந்ததைப் பெரியம்மா பார்த்தார். மீதி நாட்கள் சக்கர நாற்காலியில் கழிந்தன. ஊர் திரும்பியும் பல மாதம் புண் ஆறவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் கால் தப்பியது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டிலிருந்து யார் புறப்பட்டாலும் முதலில் பேசுவது செருப்பைப் பற்றித்தான். அப்படிக் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்

செருப்பையெல்லாம் போய் ஒரு விஷயமாகப் பேசுவதா என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு போர்ப் பயணத்தின்போது, செருப்புகளை அதிகமாக வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குச் சொன்னதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. காலில் செருப்பு இருக்கும்வரை ஒருவர் வாகனத்தில் செல்பவரைப் போன்றவர் என்பது அதன் கருத்து. ஆகவே, பயணத்துக்குக் கூடுதலாக ஒரு ஜோடி எடுத்துக்கொள்வது ஆடம்பரமல்ல. நபியவர்கள் சொல்லித் தந்த முன்னேற்பாடு அது.

இஹ்ராமில் ஆண்கள் எதை அணியலாம்?

இஹ்ராமில் இருப்பவர் எதை அணியக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள அந்த ஹதீஸில் காலை மூடும் தோல் காலுறையும் இடம்பெறுகிறது. செருப்பு கிடைக்காதவர் மட்டும் அதைக் கணுக்காலுக்குக் கீழே வெட்டி அணிந்துகொள்ளலாம். இதன்படி ஷூ, சாக்ஸ் ஆகியவை இஹ்ராமில் உள்ள ஆண்களுக்குக் கூடாது.

நம் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். பாதத்தின் மேல் பக்கம் நடுவில், ஷூ லேஸ் கட்டும் இடத்தில், மேடாக ஓர் எலும்பு இருக்கிறது. அதையும் கணுக்காலையும் செருப்பு மூடக்கூடாது என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபி மத்ஹபில் விரல்களும் குதிகாலும் வெளியே தெரிய வேண்டும் என்பார்கள். அகலமான பட்டை வைத்த சில சாண்டல்கள் அந்த எலும்பை முழுதாக மறைத்துவிடும். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ளவையும் உண்டு. சந்தேகம் இருந்தால் வாங்கும் முன் செருப்பைப் போனில் படம் எடுத்து உங்கள் மஹல்லா இமாமிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடையே உண்டு. இஹ்ராமில் தையல் கூடாது என்பதால் தையல் போட்ட செருப்பும் கூடாது என்று சிலர் ஒட்டுச் செருப்பைத் தேடி அலைகிறார்கள். தடுக்கப்பட்டது உடலின் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை, கால்சட்டை போன்றவைதான். செருப்பிலோ பெல்ட்டிலோ நூல் தையல் இருப்பதால் தவறில்லை.

பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இஹ்ராமிலும் அவர்கள் ஷூ, சாக்ஸ் அணியலாம். அதனால் நம் வீட்டுப் பெண்கள் அழகுச் செருப்பைத் தவிர்த்து, அடி மெத்தென்று இருக்கும், வழுக்காத, தட்டையான ஷூவை எடுத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்?

சஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஒரு தடவைக்குச் சுமார் 450 மீட்டர். ஏழு தடவைக்கு 3 கிலோமீட்டருக்கும் மேல். தவாஃபைக் கீழே கஅபாவுக்கு அருகில் செய்தால் தூரம் குறைவு. மேல் தளங்களில் செய்தால் ஒவ்வொரு சுற்றும் பல மடங்கு நீளும். ஹஜ்ஜின்போது அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபா வரை நடப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஏறத்தாழ உத்தமபாளையத்திலிருந்து கம்பத்துக்கு நடப்பது போன்ற தூரம். பிறகு மினாவில் கூடாரத்திலிருந்து ஜமராத்துக்குப் போகவும் வரவும் வேண்டும்.

தவாஃப் செய்யும் மதாஃபில் பதித்திருப்பது கிரேக்க நாட்டின் தாஸோஸ் தீவிலிருந்து வந்த வெள்ளைப் பளிங்கு. வெயிலிலும் அது சூடேறாது. ஹரமுக்குள் வெறுங்காலில் நடந்து பழகியவர்கள் வெளியிலும் தரை இப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். சாலை அப்படி இல்லை. 2024 ஜூன் மாத ஹஜ்ஜில் மக்காவில் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. காற்றே அவ்வளவு சூடாக இருக்கும்போது தார்ச்சாலை அதைவிட அதிகமாகக் கொதிக்கும். மேகமலைக் காற்றும் சாரலும் பட்டு வளர்ந்த நம் பாதங்களுக்கு அந்தச் சூடு பழக்கமில்லை.

எத்தனை ஜோடி?

எங்கள் கணக்கில் ஆண்களுக்கு நான்கு ஜோடி போதும்.

முதலாவது, இஹ்ராமில் போடும் நடைச் செருப்பு. அடிப்பாகம் தடிமனாகவும் எடை குறைவாகவும் இருக்கட்டும். வெறும் ஹவாய் செருப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அதன் மெல்லிய அடி நீண்ட நடைக்குத் தாங்காது, விரல் இடுக்கிலும் வார் அறுத்துவிடும்.

இரண்டாவது, அதே வகையில் இன்னொரு ஜோடி. முதல் ஜோடி தொலைந்தாலோ அறுந்தாலோ இதுதான் கை கொடுக்கும்.

மூன்றாவது, சாக்ஸுடன் போடும் ஷூ. ஹஜ்ஜில் துல்ஹஜ் பிறை 10 அன்று கல்லெறிந்து, குர்பானி கொடுத்து, முடி களைந்த பிறகு வழக்கமான உடையும் ஷூவும் அணியலாம். எனவே 11, 12 ஆகிய நாட்களில் ஜமராத்துக்கு ஷூவிலேயே போகலாம். மதீனாவில் ஜியாரத்துகளுக்கும் இது உதவும்.

நான்காவது, குளியலறைக்கு மட்டும் ஒரு ரப்பர் செருப்பு. ஈரத்தில் வழுக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

பெண்களுக்கு முதல் இரண்டுக்குப் பதிலாக இரண்டு ஜோடி தட்டை ஷூ, அறைக்கு ஒரு செருப்பு என்று மூன்றே போதும்.

பெட்டியிலா, கையிலா?

கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் பம்பாயில் ஏறினால் பல நாள் பயணம். யலம்லம் எல்லை நெருங்கும்போது சாவகாசமாகப் பெட்டியைத் திறந்து இஹ்ராம் கட்டிக்கொள்வார்கள். 1995 முதல் அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது. இன்று விமானம் சில மணி நேரத்தில் மீகாத் எல்லையைக் கடந்துவிடுகிறது. பெரிய பெட்டியோ விமானத்தின் அடியில் இருக்கும்.

நேராக ஜித்தாவுக்குப் போகிறவர்கள் விமானம் ஏறும் முன்போ உள்ளேயோ இஹ்ராமுக்குள் வர வேண்டும். அவர்கள் இஹ்ராம் செருப்பைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது வீட்டிலிருந்தே காலில் போட்டுச் செல்ல வேண்டும். ஷூவோடு கிளம்பி, செருப்பைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு விமான நிலையத்தில் தவிப்பவர்கள் உண்டு. முதலில் மதீனாவுக்குப் போகிறவர்கள் பிறகு துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவதால் அவர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை.

செருப்பு தொலையாமல் இருக்க

வாசலில் விடாதீர்கள். இதுதான் முதல் விதி. நாடா வைத்த துணிப்பை ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள். செருப்பை அதில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு உள்ளே போங்கள். எந்த வாசலில் வெளியே வந்தாலும் செருப்பு உங்களுடன் இருக்கும். கணவனும் மனைவியும் போனால் ஆளுக்கொரு பை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஒருவர் செருப்பு இன்னொருவரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வெளியே போகும் ஒவ்வொரு முறையும் மடிக்கக்கூடிய ஒரு மெல்லிய செருப்பையோ அந்த இரண்டாவது ஜோடியையோ பையில் வைத்திருங்கள். மாற்றுச் செருப்பு அறையில் இருந்தால், ஹரம் வாசலில் நிற்பவருக்கு அதனால் பயனில்லை.

அப்படியும் தொலைந்துவிட்டால் அங்கே கிடக்கும் இன்னொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். நம் செருப்பு போனதால் பிறர் செருப்பு நமக்கு ஹலால் ஆகிவிடாது. அதன் சொந்தக்காரரும் நம்மைப் போலவே வெயிலில் தவிப்பார். நிழலில் உட்கார்ந்து, உடன் வந்தவரைக் கடைக்கு அனுப்பிப் புதியது வாங்கிவரச் செய்யுங்கள். சில ரியால்தான் செலவாகும். வெறுங்காலில் நடந்தால் அதைவிட அதிகம் இழக்க நேரும்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனத்துக்கு

சர்க்கரை நோய் நாள்பட்டால் பாத நரம்புகள் மரத்துப்போகும். சூடும் வலியும் தெரியாது. நம் ஹாஜிகளில் பலர் வயதானவர்கள், அவர்களில் சர்க்கரை உள்ளவர்களும் அதிகம். புறப்படும் முன் மருத்துவரிடம் காலைக் காட்டி உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். திறந்த செருப்பு ஆகாது, மூடிய ஷூதான் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்க வேண்டாம். நோயின் காரணமாக இஹ்ராமில் மூடிய காலணி அணிவோருக்கு மார்க்கத்தில் ஃபித்யா என்ற வழி இருக்கிறது. உங்கள் நிலைமைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று ஊரிலேயே ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

தினமும் இரவு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குத் துணைக்கு வந்தவர் பார்க்கட்டும். வெடிப்புக்கு வாசனையில்லாத வாஸ்லின் தடவுங்கள். இஹ்ராமில் வாசனை கூடாது என்பதால் வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். கால் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், பேஸ்ட் எதையும் பூசாதீர்கள். உடனே மருத்துவ முகாமுக்குப் போங்கள்.

ஊரிலேயே பழகுங்கள்

புதுச் செருப்பை அங்கே போய் முதல்முறையாகப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் வாங்குங்கள். மாலையில் வாங்குவது நல்லது, நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் சரியான அளவு தெரியும். பிறகு தினமும் ஃபஜ்ர் தொழுதுவிட்டு அந்தச் செருப்போடு வாய்க்கால் கரையிலோ வயல் பாதையிலோ நடங்கள். அரை மணியில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை கூட்டுங்கள். எங்கே கடிக்கிறது, எங்கே வார் உரசுகிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். மாற்றவும் நேரம் இருக்கும். கூடவே காலும் நடைக்குப் பழகிவிடும்.

எங்கள் பெரியத்தா அடுத்த முறை யாராவது பயணம் சொல்ல வந்தால் துஆ செய்யச் சொல்லிவிட்டு, "செருப்புப் பை தைச்சாச்சா?" என்றுதான் கேட்கிறார். உங்கள் வீட்டிலிருந்து அத்தாவோ அம்மாவோ புறப்படும்போது நீங்களும் அதைக் கேளுங்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தில் போகிறார்கள். அவர்கள் தங்கள் கால்களிலேயே நடந்து அமல்களை நிறைவு செய்து திரும்ப நாம் செய்யக்கூடிய சிறு உதவி இது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜையும் உம்ராவையும், அவற்றை நிறைவேற்றும் உடல் நலத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.