டிக்கியை அளந்த பிறகே சரக்கைக் காட்டுவோம்



கார் உதிரி பாகங்களும் அலங்காரப் பொருட்களும் விற்கும் நம் உறுப்பினர்களில் பலர் இன்று ஸ்பீக்கர், ஆம்ப்ளிபையர், சப்-ஊபர் ஆகியவற்றையும் வைத்து வியாபாரம் செய்கிறோம். இதற்கெல்லாம் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குத்தான் போக வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் நினைத்த காலம் போய்விட்டது. நம் ஊர்க் கடையிலேயே வாங்கி, நம் ஊர்க் கடையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை சிறிய கார்கள். அவற்றில் சப்-ஊபர் பொருத்துவதில் நாம் செய்யும் ஒரு தவறு நம் லாபத்தையும் நல்ல பெயரையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது.

அந்தத் தவறை நாங்களும் செய்தவர்கள்தாம். ஆல்டோ 800 வைத்திருந்த ஒருவர் எங்கள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, டிக்கி அதிரணும்" என்று கேட்டார். நாங்களும் 12 அங்குல சப்-ஊபரைக் காட்டி, ஓட்டை வைத்த பெரிய பெட்டியும் செய்து மாட்டிக் கொடுத்தோம். அன்று அவருக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரம் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டவருக்கு ஒரு பெட்டி வைக்கக்கூட டிக்கியில் இடமில்லை. திரும்பி வந்தார். ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் பெட்டியை என்ன செய்வது? ஒருவர் வண்டிக்கு அளவெடுத்து அறுத்த பலகை, தைத்த சட்டையைப் போன்றது. அடுத்தவருக்குப் பொருந்தாது. பலகையும் கூலியும் எங்கள் கைநஷ்டம்.

ஆல்டோ 800-இன் டிக்கி 177 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அதை முதலில் கணக்கில் எடுத்திருந்தால் அந்தச் சரக்கைக் காட்டியே இருக்க மாட்டோம். இதையே உறுப்பினர்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

பெட்டியும் சரக்கில் பாதி

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது முன்பக்கத்துக் காற்று அழுந்துகிறது. பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. இரண்டும் கலந்துவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி இல்லாத சப்-ஊபரைக் கவுண்டரில் வைத்து ஒலிக்கவிட்டால் சத்தம் சப்பென்று இருப்பது இதனால்தான். பெட்டி இவ்விரண்டையும் பிரிக்கிறது. அத்துடன், மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங் போல நின்று கூம்பைத் தாங்குகிறது. 1954-இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் இந்தக் காற்று ஸ்பிரிங்கை வைத்தே சிறிய ஸ்பீக்கர் பெட்டியில் ஆழமான ஒலியைக் கொண்டுவந்து காட்டினார்.

பெட்டி தேவைக்கு மேல் சிறியதானால் அந்த ஸ்பிரிங் விறைத்துவிடும். அப்போது ஆழமான ஒலி போய், எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரி 'பூம் பூம்' என்ற சத்தம் மட்டும் மிஞ்சும். சிறிய பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த பவரில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஹாப்மன் என்ற நிபுணரின் பெயரால் வழங்கும் இந்த விதியை வாடிக்கையாளருக்கு எளிய தமிழில் சொல்லிவிட்டால், பின்னால் வரும் சண்டையில் பாதி குறையும்.

சிறிய காருக்கு ஒரு சாதகம்

சிறிய கார் என்றதும் நாம் கைவிட்டுவிட வேண்டியதில்லை. ஒலியின் பாதி அலைநீளம் காரின் உள்நீளத்தைவிடப் பெரிதாகும்போது, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரே சமயத்தில் அழுந்தித் தளர்கிறது. இதனால் ஆழமான ஒலி தானாகவே கூடும். உள்நீளம் 2.5 மீட்டர் என்றால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த உதவி தொடங்குகிறது. கார் சிறியதாக ஆக, இது இன்னும் மேலேயே தொடங்கும். வீட்டு ஹாலில் இந்த அளவுக்கு உதவி கிடைக்காது.

மூடிய பெட்டியில் ஆழ ஒலி மெதுவாகக் குறைகிறது. அந்தக் குறைவைக் காரின் உள்ளறை பெருமளவு ஈடு செய்துவிடுகிறது. ஆகவே சிறிய காருக்கு ஓட்டை வைத்த பெரிய பெட்டி தேவையில்லை. மூடிய பெட்டியில் ஒரே ஒரு 8 அல்லது 10 அங்குல சப்-ஊபர் பெரும்பாலானவர்களுக்குப் போதும். பொதுவாக மூடிய பெட்டிக்கு 10 அங்குலம் 15 முதல் 25 லிட்டர் கேட்கும். 12 அங்குலம் 25 முதல் 35 லிட்டர் கேட்கும். சரியான அளவைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வரும் மலிவுச் சரக்கைக் கொள்முதல் செய்யாமல் இருப்பதே நல்லது.

அளவெடுக்கும் முறை

உள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். இதில் பலரும் வெளியளவை எடுத்து ஏமாறுகிறார்கள். வெளியே 60 x 35 x 30 என்றால் 63 லிட்டர். 18 மில்லிமீட்டர் பலகையில் செய்தால் உள்ளளவு 56.4 x 31.4 x 26.4, அதாவது 47 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கால் பங்குக்கு மேல் பலகையே தின்றுவிடுகிறது! ஸ்பீக்கரின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தையும் இதில் கழிக்க வேண்டும். சீட்டின் சாய்வுக்கு ஏற்பப் பெட்டியைச் சாய்த்துச் செய்தால், மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அதையே ஆழமாகக் கொள்ள வேண்டும்.

டிக்கியின் பக்கவாட்டு வளைவில் அச்செடுத்து வார்க்கும் பைபர் கிளாஸ் பெட்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. அதற்கு நம் மளிகைக்கடை முறையே கைகொடுக்கும். நன்றாகக் காய்ந்த பெட்டியில் அரிசியை லிட்டர் படியால் அளந்து கொட்டி நிரப்புங்கள். எத்தனை படி கொண்டதோ அத்தனை லிட்டர்.

அளவெடுக்கும்போது டிக்கி கதவை மூடிப் பார்க்க வேண்டும். பின்சீட்டு சாய்கிறதா, ஸ்டெப்னியை எடுக்க முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இடத்துக்கு ஏற்ற வழிகள்

டிக்கியில் ஓரளவு இடம் உள்ளவர்களுக்குப் பின்சீட்டை ஒட்டிய சாய்வான மூடிய பெட்டி சிக்கனமானது. இதற்கு 18 மில்லிமீட்டர் எம்.டி.எப். அல்லது நல்ல பிளைவுட் ஏற்றது. எம்.டி.எப். தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஆகவே மழைக்காலத்தை நினைத்து எல்லாப் பக்கமும் பூச்சு கொடுத்துவிட வேண்டும்.

சாமான் வைக்க இடம் விடாமல் கேட்பவர்களுக்குப் பக்கவாட்டு பைபர் கிளாஸ் பெட்டி ஏற்றது. கூலி அதிகம், நாளும் அதிகம். ரெசின் எளிதில் தீப்பிடிக்கும், நெடியும் கடுமையானது. கடைக்குள் வைத்து வார்க்காமல் காற்றோட்டமான இடத்தில் வேலையைச் செய்ய வேண்டும்.

ஆழம் குறைந்த இடத்துக்கென்றே தட்டையான சப்-ஊபர்கள் வருகின்றன. டிக்கியில் இடமே இல்லாதவர்களுக்கும், சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள வண்டிகளுக்கும், ஆம்ப்ளிபையர் உள்ளேயே அமைந்த, சீட்டுக்கு அடியில் வைக்கும் சப்-ஊபர் நல்லது. டிக்கி அதிராது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்சீட்டுக்கு அடியில் ஏர்பேக், சீட் பெல்ட் ஒயர்கள் ஓடும் வண்டிகளில் அவற்றை அசைக்கவே கூடாது. சி.என்.ஜி. சிலிண்டரின் வால்வை மறைத்து எதையும் வைக்கக் கூடாது.

பின்சீட்டையே கழற்றிவிட்டுப் பெட்டி வைக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. இந்த வேலையை நாம் ஏற்கவே கூடாது.

உயிரோடு விளையாடும் இடம்

பெட்டி தவறினால் பணம்தான் போகும். ஒயரிங் தவறினால் வண்டியே எரியும். 500 வாட் ஆம்ப்ளிபையர் முழுப் பவரில் ஓடும்போது சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போகும் ஒயர் வழியில் எங்கேனும் உரசித் தகரத்தைத் தொட்டால், அதைத் தடுக்க பியூஸ் ஒன்றுதான் உண்டு. அந்தப் பியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப்ளிபையர் பக்கம் போட்ட பியூஸ் ஒயரைக் காப்பாற்றாது. இன்ஜின் பக்கத் தகரத்தைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். எர்த் ஒயரைக் குட்டையாக வைத்து, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்க வேண்டும்.

ஒயர் வாங்கும்போது நாமும் ஏமாறக் கூடாது. பல செட்டுகளில் வருவது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி. அதே பருமனில் அது செம்பைப் போலக் கரண்டைத் தாங்காது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும்.

பெட்டியை நிறுத்த அடித்தகரத்தில் கண்ணை மூடிக்கொண்டு திருகாணி போடக் கூடாது. பல சிறிய கார்களில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. வண்டிக்கு அடியில் பார்த்த பிறகே துளையிட வேண்டும். அதற்காகப் பெட்டியைச் சும்மா வைத்துவிடவும் கூடாது. திடீர் பிரேக்கில் 20 கிலோ பெட்டி பின்சீட்டில் இருக்கும் குழந்தையை நோக்கித்தான் பாயும்.

பில்லில் எழுதுங்கள்

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவர் மட்டுமல்ல, சட்டம் கூறும் சூழ்நிலைகளில் விற்றவரும் சேவை செய்தவரும் ஈடு கொடுக்க நேரும் என்பதை இச்சட்டம் தெளிவாக்கியுள்ளது. ஆகவே ஸ்பீக்கர் மாடல், பெட்டியின் லிட்டர், ஒயரின் பருமன், பியூஸ் அளவு, மாட்டிய தேதி ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அளவெடுத்துச் செய்யும் பெட்டிக்கு முன்பணம் பெற்ற பிறகே பலகையை அறுக்கச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் வந்ததும் நான்கு கேள்விகளைக் கேட்போம். வண்டி எது? டிக்கியில் தினமும் என்ன வைக்கிறீர்கள்? பின்சீட்டில் யார் உட்காருவார்கள்? என்ன பாட்டு கேட்பீர்கள்? பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போவோம். அதன் பிறகே அலமாரியைத் திறப்போம்.

இந்த முறையில் நாங்கள் விற்பது பெரும்பாலும் ஒரு 10 அங்குல ஸ்பீக்கரும் ஒரு சிறிய பெட்டியும்தான். பில் தொகை குறைவே. ஆனால் அந்தச் சரக்கு திரும்பி வருவதில்லை. அதை வாங்கியவர் திரும்பி வருகிறார். நமக்கு வேண்டியதும் அதுதானே!