ஊன்றுகோல்

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றைப் பல்லாண்டு காலம் மாணவர்க்குக் கற்பித்தவன் நான். சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சூளுறவை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த போது அவருடைய இரு கண்களும் ஒளியிழந்தன. பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் மீண்டன. தேர்வுக்கு வேண்டியவை இவை. ஆதலால் அழுத்தமாகச் சொல்லிக் கொடுப்பேன். காஞ்சிக்கு முன்னே திருவெண்பாக்கத்தில் நிகழ்ந்ததை மட்டும் ஒரே வரியிற் கூறிக் கடந்துவிடுவேன். அங்கே இறைவன் கண்ணைக் கொடுக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்தான்.

அந்த ஒரு வரியின் பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, செம்மணி வெளியிலே உணர்ந்தேன்.

வலிகாமத்து மக்கள் ஊரைத் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவு அது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அம் மனித வெள்ளத்தில் நானும் என் அன்னையும் இருந்தோம். நீரிழிவினால் அவர் பார்வை முற்றாக மறைந்து ஈராண்டாகியிருந்தது. ஒரு கையிலே தடி. மறு கை என் தோளிலே. மழை பெய்துகொண்டிருந்தது. ஓரடி வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் நிற்க வேண்டும். அன்னையோ வாய்க்குள் தேவாரம் ஓதிக்கொண்டே வந்தார். வீட்டையும் ஆயுட்காலம் முழுவதும் தேடிய நூல்களையும் விட்டுவந்த எனக்கு அவ்வோதல் நெஞ்சை எரித்தது.

"இவ்வளவு காலமும் கும்பிட்டியளே அம்மா, உங்கடை கடவுள் இப்ப எங்கை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஓதுவதை நிறுத்தினார். எனக்கு விடை கூறுவார் என்றே எதிர்பார்த்தேன். ஆனால் அவர் செவி வேறெங்கோ இருந்தது.

"தம்பி, பக்கத்திலை ஒரு பிள்ளை அழுகுது. தண்ணிக்கு அழுகிற அழுகை. எங்கடை போத்திலைக் குடு" என்றார்.

கண்ணுள்ள நான் அக் குழந்தையைக் காணவில்லை. என் துயரமே என் கண்ணை மறைத்திருந்தது. போத்தலை நீட்டினேன். அன்னை மீண்டும் ஓதத் தொடங்கினார், நாங்கள் நடந்தோம்.

தென்மராட்சியில் உறவினர் ஒருவரின் கொட்டில் எங்களுக்குப் புகலிடமாயிற்று. நான் யாரோடும் பேசாது சில நாள் கிடந்தேன். ஒருநாட் காலை அன்னை தடியைத் தட்டிக்கொண்டு வந்து, "உனக்குத் தெரிஞ்சது படிப்பிக்கிறதுதானே. சுத்திவரப் பிள்ளையள் திரியுதுகள். கூப்பிட்டு இருத்து" என்றார். அன்று மாலையே பலா மரத்தடியில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். கரும்பலகை இல்லை, புத்தகம் இல்லை. நினைவில் நின்ற சுந்தரர் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

வெண்பாக்கம் வந்தது. குருடாகி நின்ற சுந்தரர், 'நீ கோயிலுள் இருக்கிறாயா?' என்று இறைவனை வினவுகிறார். வழிபாட்டை மீறிய வழக்கு அது. நான் செம்மணியிற் கேட்ட கேள்வியும் அதுவேயன்றோ? இருப்பதாகவும், அவர் தம் வழியே செல்லலாம் என்றும் விடை வருகிறது. வேறு ஆறுதல் இல்லை. தோழனுக்கு இது தகுமா என்று சினந்தாலும், அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. மேலும் காஞ்சிக்கு நடந்தார்.

இறைநம்பிக்கை துன்பத்தை உடனே நீக்கிவிடும் என்று இன்றும் நான் சொல்லத் துணியேன். அந்த இரவில் அது எவருடைய வீட்டையும் காக்கவில்லை. ஆயின் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதை அது காட்டிற்று. என் அன்னைக்கு அது ஒரு குழந்தையின் தாகமாக இருந்தது. எனக்கு ஒன்பது பிள்ளைகளாக இருந்தது. வாழ்வின் பொருளைத் தேடி அலைபவனுக்கு அது பெரும்பாலும் அண்டையிலேயே, பிறர் தேவையாக, காத்திருக்கிறது.

சில ஆண்டுகளின் பின் மற்றொரு செய்தியை அறிந்தேன். பழைய திருவெண்பாக்கம், 1944இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டதாம். ஊன்றீசுவரருக்குப் பூண்டியிலே வேறு கோயில் எடுத்திருக்கிறார்கள். ஊன்றுகோல் கொடுத்த பெருமானும் எம்மைப்போல் ஊர் விட்டு வந்தவனே என்றெண்ணிய போது, அவனோடு எனக்கிருந்த வழக்கிற் பாதி தீர்ந்தது.

1996இல் மக்கள் வலிகாமம் திரும்பிய போது அன்னை எம்மோடு இல்லை. அவரது தடி மட்டும் வந்தது. இப்பொழுது அதனை ஊன்றி நடப்பவன் நான். சுந்தரர் வரலாற்றைக் கேட்டு இன்றும் சில மாணவர் வருவதுண்டு. அவர்களை நேரே காஞ்சிக்கு அழைத்துச் செல்வதில்லை; வெண்பாக்கத்திற் சிறிது நேரம் நிறுத்தி வைத்த பின்னரே மேலே செல்கிறேன்.