வித்தும் விண்மீனும்

1883 ஆகஸ்டு 27 அன்று, சாவகத்துக்கும் சுமத்திராவுக்கும் இடைப்பட்ட கடலில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. தீவின் பெரும்பகுதி நீருள் அமிழ, எஞ்சிய நிலத்தைச் சுடுசாம்பல் மூடியது. ஓராண்டு நிறையுமுன் சென்ற ஆய்வுக்குழு அங்குக் கண்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த சின்னஞ்சிறு சிலந்தி. 1886-இல் தாவரவியலாளர் திரூப் சென்றபோது 11 வகைப் பெரணிகள் வேரூன்றியிருந்தன. காடு நெடுநாள் கழித்தே வந்தது. விண்மீன்களிடையே குடிபெயர எண்ணுவோர் முதலில் ஆராய வேண்டியது இத்தீவையே என்பேன்.

தீவுகளில் உயிர் பரவும் முறை பற்றி 1967-இல் நூல் எழுதிய மக்கார்தரும் வில்சனும் இனப்பெருக்கத்தின் இருவேறு நெறிகளைப் பிரித்துக் காட்டினர். எண்ணிறந்தவற்றை இறைத்துவிட்டு அகல்வது ஒன்று; சிலவற்றை மட்டும் ஈன்று பேணுவது மற்றொன்று. சூரியமீன் கோடிக்கணக்கில் முட்டையிடுகிறது. யானையோ ஏறத்தாழ 22 திங்கள் சுமந்து ஒரு கன்றை ஈனுகிறது.

செடியினத்தில் இவ்வேறுபாடு இன்னும் அழகியது. ஆர்க்கிடின் ஒரே காயில் இலட்சக்கணக்கான வித்துகள் தூசுபோல் அடங்கிக் கிடக்கும். காற்று அவற்றை எங்கும் சுமக்கும். ஆயினும் அவ்வித்துள் உணவில்லை. விழுந்த மண்ணில் உரிய பூஞ்சை இருந்து ஊட்டினாலன்றி அது முளைக்காது. தென்னையின் வித்தோ தன் சோற்றையும் நீரையும் தானே சுமந்து கடல் கடக்கிறது. கரையில் எவரும் காத்திருக்க வேண்டுவதில்லை.

மாந்தர் தீட்டிய விண்மீன் திட்டங்களும் இவ்விரு வழியினவே. 2016-இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்டார்சாட், சில கிராம் எடையுள்ள நுண்கலங்களைச் சீரொளிக் கற்றையால் உந்தி, ஒளியின் விரைவில் ஐந்தில் ஒரு பங்கை எட்டச் செய்யக் கருதியது. அது ஆர்க்கிடின் வழி. 1970-களில் பிரித்தானியக் கோளிடைக் கழகம் வரைந்த டெடலசு கலத்தின் எடையோ 54,000 டன். அதில் 50,000 டன் எரிபொருள். அது தென்னையின் வழி போலத் தோன்றும்.

தோற்றமே அது. அத்தனை எரிபொருளும் விரைவுகூட்டவே செலவாகும். நிற்பதற்கு ஒரு துளியும் மிஞ்சாது. இரு திட்டங்களும் இலக்கைக் கடந்து பறந்தே போகும். வித்தின் இலக்கணமோ விழுந்த இடத்தில் தங்குதல்.

தன்னைத்தானே படியெடுக்கும் எந்திரங்களை அனுப்பினால் சில கோடி ஆண்டுகளுக்குள் பால்வழி முழுவதும் பரவலாம் எனக் கணக்கிட்டோர் உளர். கணக்கு பிழையன்று. ஆனால் அங்கே நமக்கெனப் பூஞ்சை காத்திருக்கவில்லை. பாறையை உருக்கி மாழை பிரிக்கவும் நுண்சில்லு வார்க்கவும் வேண்டிய தொழிற்சாலை அனைத்தையும் அவ்வித்தே சுமக்க வேண்டும். அதன் எடையைக் குறைப்பதே உண்மையான இடர்ப்பாடு என்பது என் துணிபு. விரைவு அதற்கு அடுத்ததே.

1977-இல் ஏவிய வாயேஜர்-1 நொடிக்கு 17 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. மிக அண்மை விண்மீனின் தொலைவை அவ்விரைவில் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டு வேண்டும். அதன் வெளிப்புறத்தில் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று உண்டு. முளைக்கவல்லது எதுவும் இல்லை.