கையால் தள்ளிய கேட்டும் கண் வைத்த கேட்டும்

கூமாப்பட்டியிலிருந்து மேற்கே, பிளவக்கல் அணைக்குப் போகிற சாலையோரத் தென்னந்தோப்புகளுக்கு ஒரு காலத்தில் வாசல் என்று இருந்தது முள்படல்தான். கழிகளில் முள்ளை வைத்துக் கட்டி, ஒரு பக்கத்தைக் கயிற்றால் கல்தூணில் பிணைத்திருப்பார்கள். ஆள் போக வேண்டுமென்றால் தூக்கி நகர்த்த வேண்டும், மாட்டுவண்டி வந்தால் முழுவதும் விலக்க வேண்டும். பிறகு தூணுக்குத் தூண் செருகிய குறுக்குக் கழிகள் வந்தன. அதற்கும் பிறகு வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வெல்டிங் பட்டறைகளில் அடித்த இரும்புக் கேட். காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய், உள்ளே கயிற்றுக் கட்டிலில் தோப்புக்காரர். சத்தம் கேட்டு அவர் எழுந்து வந்து, யாரென்று பார்த்து, பிறகுதான் கேட்டைத் தள்ளுவார்.

அந்தக் கேட்டுகள் ஆபத்தில்லாதவை என்று சொல்ல வரவில்லை. கீல் இடுக்கில் விரல் நசுங்காமல் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் குறைவு. கேட்டில் ஏறி ஊஞ்சலாடி அடி வாங்கியவர்கள் அதிகம். ஆனாலும் தள்ளுகிறவர் கையில் எல்லாம் தெரிந்தது. நடுவில் கல் கிடந்தால் கை உணரும். கன்றுக்குட்டி குறுக்கே நின்றால் கண் பார்க்கும். குழந்தை அழுதால் காது கேட்டுக் கை நிற்கும். கேட்டை மூடுவது, குறுக்கே யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பது, இருந்தால் நிறுத்துவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே ஆள், ஒரே கணத்தில், யோசிக்காமல் செய்தார். இரும்பு கனமாக இருந்ததும் ஒரு விதத்தில் நல்லதே. அதை வேகமாகத் தள்ள யாராலும் முடியாது.

ராஜபாளையத்தில் கதை கொஞ்சம் வேறு. பஞ்சாலை ஊர் அது. 1930-களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து மில் கேட் என்பது தனி அதிகாரம். சங்கு ஊதினால் கேட் திறக்கும், நேரம் தவறினால் மூடும். லாரிக்குப் பெரிய கேட், ஆளுக்குப் பக்கத்தில் சின்ன வழி. பழைய கோயில்களிலும் பெரிய வீடுகளிலும் இதே ஏற்பாடு உண்டு: பெரிய கதவுக்குள்ளேயே ஒருவர் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு திட்டிவாசல். யானை போகிற கதவை ஓர் ஆளுக்காகத் திறக்க வேண்டாம் என்பதற்காக வைத்தது. இன்றைய தானியங்கி கேட்டுக்கு அமெரிக்காவின் யூ.எல். 325 தர விதி கேட்பதும் அதைத்தான்: மோட்டார் கேட் வண்டிகளுக்கு மட்டும், நடந்து வருகிறவர்களுக்குத் தனி வழி. நம் பெரியவர்கள் செய்து வைத்திருந்த அந்தச் சின்னக் கதவை, ரிமோட் வந்தவுடன் முதல் வேலையாக நாம் அடைத்துவிட்டோம். புதிதாகக் கட்டும் சுற்றுச்சுவரில் ஒரே ஒரு பதினான்கு அடி சறுக்கு கேட், ஆளும் மாடும் காரும் எல்லாம் அதன் வழியேதான்.

கூமாப்பட்டியில் இன்னும் பெரும்பாலும் கையால் தள்ளும் கேட்டுகள்தான். ராஜபாளையத்தின் புதுத் தெருக்களிலும், வெளியூரில் இருப்பவர்கள் தோப்புக்குள் கட்டியிருக்கும் வீடுகளிலும்தான் மோட்டார் வைத்தவை தெரிகின்றன. கேட்டின் அடியில் நீளமாக ஒரு பல் சட்டம், அதைக் கடித்து உருட்டும் பல்சக்கரம், தூணோரம் ஒரு பெட்டி. ஐந்நூறு கிலோ, எண்ணூறு கிலோ கேட்டையெல்லாம் அநாயாசமாக இழுக்கிற மோட்டார்கள் இவை. காரில் இருந்தபடியே பொத்தானை அழுத்துகிறவர் கேட் மூடி முடிப்பதற்குள் தெருமுனை தாண்டிவிடுகிறார். முன்பு ஒரே ஆள் செய்த மூன்று வேலைகளில் மூடுவதை மோட்டார் எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டையும் யார் செய்வது?

மோட்டாருக்குக் கொஞ்சம் உணர்வு உண்டு. எதிலாவது இடித்தால் அது இழுக்கும் மின்சாரம் கூடும், அதை வைத்து மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகை புரிந்துகொண்டு திருப்பி ஓட்டும். ஆனால் அது இடித்த பிறகு வருகிற அறிவு. ஐரோப்பியத் தர விதி, மூடும் விளிம்பில் விசை 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது, அதுவும் முக்கால் விநாடிக்குள் தணிந்துவிட வேண்டும் என்கிறது. 400 நியூட்டன் என்றால் ஏறத்தாழ நாற்பது கிலோ மேலே அமர்ந்த அழுத்தம். பெரியவர் தாங்குவார், நான்கு வயதுக் குழந்தையின் நெஞ்சுக்கூடு? எங்கள் பக்கத்திலோ, தண்டவாளத்தில் மண் சேர்ந்து கேட் இறுகினால் தண்டவாளத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வதற்குப் பதில் விசைத் திருகைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள். அதோடு அந்தக் கொஞ்ச உணர்வும் மரத்துப்போகிறது.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பிள்ளைகளைப் பலி கொடுத்துத்தான் கற்றது. அங்கே வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையின் மேலிருந்து இறங்கும் கதவுகளுக்கு அடியில் 1980-களில் குழந்தைகள் சிக்கி இறந்துகொண்டே இருந்தார்கள். இடித்தால் திரும்பும் வசதி இருந்தும் இறந்தார்கள். 1990-ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார் ஒவ்வொன்றிலும், ஒளிக்கண்ணோ விளிம்பு சென்சாரோ கூடுதல் காவலாக இருந்தே ஆக வேண்டும் என்றானது. ஒளிக்கண் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேலே போகக்கூடாது என்பதும் விதி. தரையில் கிடக்கும் குழந்தைக்காக. 2010-ல் பிரிட்டனில் ஒரு வார இடைவெளிக்குள் இரண்டு சிறுமிகள் மின் கேட்டுகளில் நசுங்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கேயும் விழித்துக்கொண்டார்கள்.

இந்த ஒளிக்கண் சென்சார் என்பது பெரிய வித்தையல்ல. ஒரு தூணில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், எதிர்த்தூணில் அதை வாங்கும் ரிசீவர். ஒளி வந்துகொண்டிருக்கும்வரை ரிசீவருக்குள் ஒரு தொடர்பு மூடியே இருக்கும். யாராவது குறுக்கே வந்தால் அது திறக்கும், கேட் நின்று திரும்பும். வயரை எலி கடித்தாலும், கண்ணுக்கு மின்சாரம் போகாவிட்டாலும், தூசி மூடினாலும் அதே தொடர்பு திறந்துவிடும். அதாவது ‘வழி காலி’ என்று உறுதியாகத் தகவல் வந்தால் மட்டுமே மூடு, தகவல் இல்லையென்றால் ஆபத்து என்றே எடுத்துக்கொள். ரயில்வே கேட்டில் இன்டர்லாக் என்கிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான்: கேட் பூட்டியாகிவிட்டது என்று தெரியாமல் சிக்னல் விழாது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தது இன்டர்லாக் இல்லாத கேட்டில்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டைச் செத்ததாக்க இரண்டு அங்குல வயர்த்துண்டு போதும். மோட்டார் பலகையில் கண்ணுக்கான முனையையும் பொது முனையையும் அந்தத் துண்டால் இணைத்துவிட்டால், ‘வழி காலி’ என்று பலகை எப்போதும் நம்பிக்கொண்டே இருக்கும். பல பலகைகள் அந்த இணைப்போடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. சென்சார் மாட்டும்போது அதை எடுக்க வேண்டும். மாட்டாதவர்கள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாட்டியவர்களிலும் சிலர், தொந்தரவு வந்தால் திரும்ப அந்தத் துண்டைத்தான் தேடுகிறார்கள்.

அணைக்குப் போகிற சாலையில் ஒரு தோப்பு வீட்டில் அப்படித்தான் ஆகியிருந்தது. கேட் காலையில் மூட மறுக்கும், பத்து மணிக்கு மேல் ஒழுங்காக ஓடும். யாரோ வந்து வயரைச் சொருகிவிட்டுப் போனார். தொல்லை தீர்ந்தது. பிறகு ஒரு நாள் உள்ளே வந்துகொண்டிருந்த லோடு ஆட்டோவின் பின்கதவைக் கேட் நெளித்தது. கண்ணைத் திரும்ப இணைத்தார்கள், காலைத் தொல்லையும் திரும்பியது. வீட்டுக்காரப் பெரியவர் புதிதாக வந்த மெக்கானிக்கிடம், “தம்பி, அந்தக் கண்ணைக் கழட்டிப் போட்ரு. முந்தி வயர் மாட்டுனப்போ நல்லாத்தான் ஓடுச்சு” என்றார்.

“ஓடும் அண்ணாச்சி. யார் நின்னாலும் ஓடும்” என்றான் அவன்.

முதலில் இரண்டு கண்களின் முகப்பையும் துணியால் துடைத்தான்; சிலந்தி வலை பின்னியிருந்தது. மூடியைத் திறந்தான், உள்ளே எறும்புப் புற்று மண். வயர் நுழையும் துளையை அடைக்காததால் வந்த வினை. மீட்டரை வைத்து ரிசீவருக்கு வரும் வோல்ட்டேஜைப் பார்த்தான், சரியாக இருந்தது. கண்கள் நேருக்கு நேர் பார்த்தால் எரியும் சின்ன விளக்கு மட்டும் மினுக்கி மினுக்கி அணைந்தது. தூண் ஆடுகிறதா என்று தள்ளிப் பார்த்தான், ஆடவில்லை. பிறகு ரிசீவருக்கு மேலே, வெயில் படாதபடி ஆனால் எதிர்த்தூணின் ஒளி மறையாதபடி உள்ளங்கையைச் சரித்துப் பிடித்தான். விளக்கு நிலையாக எரிந்தது.

சாலை கிழக்கு மேற்காகப் போகிறது, கேட்டும் அதே போக்கில் ஓடுகிறது. ரிசீவர் மேற்குத் தூணில் இருந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது. காலை வெயில் சாய்வாக வந்து நேரே அதன் முகத்தில் விழ, அதற்கு எதிர்க்கண்ணின் ஒளி தெரியவில்லை. தெரியாததால் வழியில் ஆள் நிற்பதாகவே எடுத்துக்கொண்டது. பழுதல்ல, அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினால் ரிசீவர் மேற்கே பார்க்கும். அங்கே மேற்குத்தொடர்ச்சி மலை நிற்கிறது. மாலை வெயில் தாழ்ந்து கண்ணைக் கூச வைப்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். சமவெளி ஊர்களுக்கு இல்லாத வசதி இது.

இடம் மாற்றுவதுதான் சிரமமாக இருந்தது. டிரான்ஸ்மிட்டருக்கு இரண்டு வயர் போதும், ரிசீவருக்கு நான்கு வேண்டும். வழிக்கு அடியில் புதைத்த குழாயில் இரண்டுதான் போயிருந்தன. 230 வோல்ட் லைனும் அதே குழாயில். அதன் இரைச்சல் மெல்லிய சென்சார் வயரில் ஏறும் என்று சொல்லித் தனிக் குழாய் கேட்டான். பெரியவர் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

எந்த உயரத்தில் வைப்பது என்பதிலும் நம் ஊர்க் கணக்கு வேறு. அமெரிக்கக் கொட்டகைக்கு ஆறு அங்குலம் சரி. இங்கே தேங்காய் ஏற்றிய டிராக்டர் வருகிறது. இன்ஜினுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இருப்பது இணைப்புக் கம்பி ஒன்றுதான். தாழ வைத்த ஒளி அந்த இடைவெளியில் தடையில்லாமல் போய்விடும், கேட் வண்டியின் நடுவில் வந்து இடிக்கும். அந்தக் கம்பியின் உயரத்துக்கு வைத்தாலோ தவழும் குழந்தையும் நாய்க்குட்டியும் ஒளிக்கு அடியில் நழுவிவிடும். ஆகவே தாழ ஒன்று, உயர ஒன்று என இரண்டு ஜோடி வேண்டும். ஒன்றின் ஒளியை மற்றதன் கண் வாங்கிவிடாத அளவு தள்ளி வைக்க வேண்டும். செலவு கூடும்தான். கேட்டில் பித்தளைப் பூ வேலைப்பாட்டுக்குச் செலவழிக்கிற வீடுகளுக்கு இது பெரிதல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஒளிக்கண் பார்க்காத ஆபத்தும் உண்டு. சறுக்கு கேட் தடம் விட்டுச் சாய்ந்து குழந்தைகள் மேல் விழுந்த செய்திகள் தமிழ்நாட்டில் ஓயவில்லை. அதற்குக் காவல், தண்டவாள முனையில் வெல்டு வைத்த முட்டுக்கட்டையும், மேலே கேட்டைப் பிடித்து நிற்கும் வழிகாட்டி ரோலர்களும்தான். மோட்டார் மாட்டுவதற்கு முன் இதைப் பார்க்காதவர் மெக்கானிக்கே அல்ல.

2025 ஜூனில் இன்ஸ்டாகிராம் வீடியோக்களால் கூமாப்பட்டியின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அணையைப் பார்க்க வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கின. வழியிலுள்ள தோப்புகளில் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள், பிள்ளைகள் இறங்கி ஓடுகிறார்கள். வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேட் தானாக நகரும் என்று தெரியும், விருந்தாளிப் பிள்ளைக்குத் தெரியாது. நகரும் முன் மஞ்சள் விளக்கு மினுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மோட்டாரைப் பல்சக்கரத்திலிருந்து விடுவித்துக் கேட்டைக் கையால் தள்ள ஒரு சாவி தருவார்கள். யாராவது சிக்கியிருக்கும்போது மின்சாரம் போனால் காப்பாற்றுவது அந்தச் சாவிதான். பல தோப்பு வீடுகளில் அது சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் மகனின் அலமாரியில் இருக்கிறது. தோப்பில் இரவு பகலாக இருப்பவர் காவல்காரரும் அவர் மனைவியும். சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்க வேண்டும். மெக்கானிக் கிளம்புவதற்கு முன் அவர்கள் இருவரும் தங்கள் கையாலேயே ஒரு முறை அதைத் திருப்பிக் கேட்டைத் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும்.