இணையவழி ஏலமும் பெயரடையும்

ஏலம் என்றவுடன் மணியொலியும், 'ஒருதரம், இருதரம்' என்னுங் கூவலும் நம் நினைவிற்கு வரும். அங்கே பொருள் கண்முன் நிற்கும். கூவுவோனது நாவன்மை அதன் விலையை ஏற்றும். இணையவழி ஏலத்திலோ கூவுவோன் இல்லை. எண்ணிறந்த பொருள்களுக்கிடையே ஒன்றைக் காட்டித் தருவன ஒரு சிறு படமும், அதனை அடுத்து நிற்கும் தலைப்பாகிய ஒரு வரியுமே. அவ்வரியை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பார் 1995ஆம் ஆண்டில் ஆக்‌ஷன்வெப் என்னும் பெயரால் தொடங்கி, இன்று ஈபே என வழங்கும் ஏலத்தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே தலைப்பிற்கு வரையறுத்த இடம் 80 எழுத்துக்குறிகள். சொற்களுக்கிடையே விடும் வெளியும் இக்கணக்கில் அடங்கும். வாங்க விரும்புவார் தாம் வேண்டும் பொருளின் பெயரை எழுதித் தேடுவர். அச்சொற்கள் எத்தலைப்புக்களில் உளவோ, பெரும்பாலும் அவையே அவர்முன் வந்து நிற்கும். ஆகவே தலைப்பிற்கு முதற்கடமை பொருளைக் கண்டுபிடிக்கச் செய்தலே. கவர்ச்சி அதற்குப் பிற்பட்டது.

இவ்விடத்து நாம் வகுப்பிற் பயிலும் நன்னூல் துணைசெய்கின்றது. பெயரைச் சாரும் அடைகளைப் பவணந்தி முனிவர் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பகுத்தார். அவற்றுள் இனத்தினின்றும் பிரித்துக் காட்டுவனவும் உண்டு, காட்டாதனவும் உண்டு. செந்தாமரை என்புழிச் செம்மை, வெண்டாமரையை விலக்குகின்றது. செஞ்ஞாயிறு என்புழி விலக்குதற்கு வேறு ஞாயிறு இல்லை. செய்யுளில் இரண்டிற்கும் இடமுண்டு. 80 எழுத்துக்குள் அடங்கவேண்டிய தலைப்பில் முன்னதற்கே இடமுண்டு. 'மிக அழகியது', 'காணத் தக்கது', 'விடாதீர்' என்பன எப்பொருட்கும் ஒட்டுவன. எதனையும் பிரித்துக் காட்டாதன.

ஒருவர் தம் பாட்டனாரின் பேனாவை விற்க எண்ணுகின்றார் எனக் கொள்வோம். 'பழைய அழகிய பேனா' என்று எழுதின், அதனை நாடி வருவார் யார்? 'பார்க்கர் 51 பேனா, வேக்குமாட்டிக், 1946, அமெரிக்கா, கறுப்பு, தங்க முள், மூடி நசுங்கியது' என எழுதிப் பார்க்க. பெயர் முதலில் நிற்கின்றது. வேக்குமாட்டிக் என்பது மை நிரப்புந் தொழிலையும், 1946 காலத்தையும், அமெரிக்கா இடத்தையும், கறுப்பு குணத்தையும், தங்கம் பொருளையும், முள்ளும் மூடியும் சினையையும் உணர்த்துகின்றன. 1941இல் விற்பனைக்கு வந்த இப்பேனாவிற்கு 1948இல் ஏரோமெட்ரிக் என்னும் வேறொரு நிரப்பு முறை வந்தது. ஆதலின் பழம்பேனா சேகரிப்பார்க்கு வேக்குமாட்டிக் என்னும் ஒரு சொல்லே பெரிதும் வேண்டப்படுவது.

எழுத்துப்பிழையும் பெருநட்டம் விளைக்கும். ஆல்ஸாப் நிறுவனம் 1852இல் வடித்த ஆர்க்டிக் மதுப்புட்டி ஒன்று ஈபேயில் ஏலத்திற்கு வந்தபோது, அப்பெயரில் இரண்டு 'பி' வரவேண்டிய இடத்தில் ஒன்றே எழுதப்பட்டிருந்தது. அது 304 டாலருக்கு விலைபோயிற்று. வாங்கினவர் 2007இல் பெயரைத் திருத்தி மீண்டும் ஏலத்திற்கு விட, கேள்வி 5,03,300 டாலர்வரை ஏறியது. அவ்வளவு தொகை கேட்டவர் பணங்கொடுத்து முடித்தாரல்லர் எனினும், சரியான பெயர் எத்துணைப் பேரைக் கூட்டும் என்பது தெளிவாயிற்று.

நிற்க, தலைப்பின் பொருட்டு மெய்ம்மையைக் கைவிடலாமோ எனின், ஆகாது. வேறொரு புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைத் தேடுவாரை ஈர்த்தற்கென்றே தலைப்பிற் சேர்த்தலை ஈபே விதிகள் விலக்குகின்றன. சொல்லியதற்கு மாறான பொருளைப் பெற்றவர் அதனைத் திருப்பிப் பணம் பெறவும் அங்கே வழியுண்டு. குறையை மறைத்து விற்றவர்க்கு விற்ற பொருளும் மீளும், நற்பெயரும் குறையும்.

குறையைக் கூறின் வாங்குவார் வாரார் என்று அஞ்சுதல் வேண்டா. 1995இல் அத்தளத்தில் முதன்முதல் விற்ற பொருள், பழுதுற்ற லேசர் சுட்டுகருவி ஒன்று, விலை 14.83 டாலர். அது பழுதானது என்பதை அறிவீரோ என ஒமிடியார் வாங்கியவரை வினவ, பழுதான லேசர் கருவிகளைச் சேர்ப்பதே தம் வழக்கம் என்று அவர் விடையிறுத்தனராம். 'பழுதுற்ற' என்பதே ஆண்டு இனஞ்சுட்டும் அடையாய் நின்று, உரிய மனிதரை அழைத்து வந்தது.

பொருளைக் கையால் தொட்டறியாத ஒருவர் விற்பவரின் சொல்லையே நம்பி விலை கூறுகின்றார். அச்சொல் குறுகியதாயினும், பெயர் பிழையாது, வேண்டும் அடை பெற்று, உள்ளதை உள்ளவாறே உரைப்பதாக அமைதல் வேண்டும் என்பதே யாம் கூற விரும்பியது.