உம்மாவுக்கு ஒபரேசன் தாங்குமா?

எழுபத்தெட்டு வயது உம்மாவுக்கு வயிற்றில் ஒபரேசன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டால் அன்றிரவு வீட்டில் எவருக்கும் உறக்கம் வராது. "இந்த வயசில என்னத்துக்கு ஒபரேசன்? இருக்கிற நாள நிம்மதியா இருந்திட்டுப் போகட்டும்" என்பார் மூத்த மகன். உம்மாவோ, "எனக்கு ஒண்டுமில்ல மகன், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார்.

எழுபத்தெட்டு என்ற அந்த எண்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. ஆனால் டொக்டர்கள் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. மயக்க மருந்து கொடுக்கும் நிபுணர்கள் நோயாளியின் உடல் நிலையைத் தரம் பிரித்துப் பார்க்கும் முறை ஒன்று 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. திருத்தங்களோடு இன்றும் அது உலகெங்கும் பாவனையில் உள்ளது. என்ன வருத்தம் இருக்கிறது, அது எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதே அங்கு கேள்வி. ஒபரேசனால் இருதயத்துக்கு வரக்கூடிய ஆபத்தைக் கணிக்க 1977இல் வந்த அட்டவணையில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கெனத் தனிப் புள்ளிகள் இருந்தன. 1999இல் அது திருத்தி எளிமையாக்கப்பட்டபோது ஆறு விடயங்களே எஞ்சின. அவை இருதய இரத்தக் குழாய் அடைப்பு, இருதயம் பலவீனமடைதல், பாரிசவாதம், இன்சுலின் ஏற்றுமளவுக்குச் சீனி வருத்தம், சிறுநீரகப் பழுது, ஒபரேசனின் வகை என்பனவாகும். வயது அதில் இல்லை. வயிற்றறையைத் திறந்து செய்யும் ஒபரேசனுக்கோ தனியாக ஒரு புள்ளி உண்டு.

அதற்காக வயது ஒன்றுமே செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. முதுமையில் உடலின் சேமிப்புக் குறைந்து போகிறது. அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதுதான் ஆளுக்காள் மாறுகிறது. இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏறுவாரா? அண்மையில் மெலிந்தாரா? தானே குளித்து உடுத்துகிறாரா? கடந்த சில மாதங்களில் விழுந்தாரா? டொக்டர் இப்படிக் கேட்பது பேச்சுக்காக அல்ல. இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் சொல்லாததை இந்தப் பதில்கள் சொல்லிவிடும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. தூரத்தில் தொழில் செய்யும் மகன் லீவு போட்டு வந்து, உம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போகிறார். "உம்மா நல்லா நடப்பா டொக்டர்" என்கிறார். குசினியிலிருந்து கூடத்துக்கு வரவே உம்மா சுவரைப் பிடிப்பது மருமகளுக்குத்தான் தெரியும். அவளோ வீட்டில் இருக்கிறாள். கூடவே இருந்து பார்ப்பவர் எவரோ அவர் கட்டாயம் போக வேண்டும். உம்மா குடிக்கும் மருந்துகள் அத்தனையையும், வைத்தியர் கொடுத்த நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இரத்தம் உறையாதிருக்கக் குடிக்கும் குளிசைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் விடவும் வேண்டாம்.

மேல் வயிற்றில் வெட்டினால், ஆழமாக மூச்செடுக்கவும் இருமவும் வலிக்கும். வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி தேங்கி நியூமோனியாவாக மாறலாம். வலியை அடக்கி நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பது இதற்காகத்தான். "பாவம், படுத்திருக்கட்டும்" என்று நாம் தடுக்கக் கூடாது. சில முதியவர்கள் ஒபரேசனுக்குப் பின் இரவில் ஆளை மாறி நினைத்து உளறுவதுண்டு. மூக்குக் கண்ணாடியைக் கொடுத்து, பழகிய முகம் ஒன்று அருகில் இருந்தால் அது பெரும் உதவி. அதை உடனே நேர்ஸிடம் சொல்லவும் வேண்டும்.

பெண்கள் மறைத்து வைக்கும் ஒரு நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே பாக்களவில் ஒரு கட்டி வரும். வெட்கத்தினால் உம்மா மாதக்கணக்கில் எவரிடமும் சொல்ல மாட்டார். அது குடலிறக்கமாக இருக்கலாம். இந்த இடத்தில் வரும் குடலிறக்கம் ஆண்களை விடப் பெண்களிடமே, அதிலும் வயதான பெண்களிடமே, கூடுதலாகக் காணப்படுகிறது. வழி ஒடுக்கமாகையால் குடல் சிக்கி, இரத்த ஓட்டம் நின்றுவிடும் அபாயம் அதிகம். ஆரம்பத்தில் காட்டினால், நாள் குறித்து, அந்த இடத்தை மட்டும் விறைக்க வைத்தோ முதுகில் ஊசி போட்டோ சரிசெய்யக் கூடிய சிறிய ஒபரேசன் அது. சிக்கிய பின்னரோ, நடுச்சாமத்தில் வயிற்றைத் திறந்து, அழுகிய குடலை வெட்டி இணைக்க நேரிடலாம். அதே உம்மா, அதே வயதுதான். ஆபத்து மட்டும் பல மடங்காகியிருக்கும். பகலில் போனால் பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்டுப் பார்க்கலாம். நடுச்சாமத்தில் அதற்கு நேரமிராது. கட்டி இறுகி, வலித்து, வாந்தியும் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லா ஒபரேசனும் செய்தே ஆக வேண்டியதுமல்ல. மிகவும் தளர்ந்துபோன ஒருவருக்கு, செய்யாமல் வலியைத் தணித்துப் பார்ப்பதே நல்லதென்று டொக்டரே சொல்லலாம். "செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன, வேறு வழி உண்டா?" என்று மூன்றையும் கேளுங்கள்.

உம்மாவிடமும் கேளுங்கள். பிள்ளைகள் வராந்தாவில் கூடிப் பேசி முடித்த பிறகுதான் பல உம்மாமாருக்கு விடயமே தெரிய வருகிறது. அவர் பயப்படுவது மௌத்துக்காக இல்லாமலும் இருக்கலாம். திரும்பி வந்த பிறகு தானே எழுந்து வுழூச் செய்ய முடியுமா, அல்லது எல்லாவற்றுக்கும் மருமகளைக் கூப்பிட வேண்டி வருமா என்பதே அவர் மனதில் இருக்கும் கேள்வியாக இருக்கலாம். அதையும் டொக்டரிடம் கேட்கலாம். அதற்கும் அவரிடம் பதில் உண்டு.